செவிக்கொரு பள்ளிக்கூடம்



நம் ஊரின் பெயரிலேயே ஒரு காட்சி இருக்கிறது. பாறையின்மேல் மயில் ஆடுகிறது. (இதே பெயருடைய ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் உண்டு. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இரும்பின் சான்று கிடைத்தது அங்கே, இங்கன்று. நம்மைக் காண வருவோர் அடிக்கடி குழம்புவதால் சொல்லி வைக்கிறேன்.) மயில் ஆடுவதை நாம் ஆண்டில் சில முறைதான் காண்கிறோம். அது கத்துவதையோ நாள்தோறும் கேட்கிறோம். அக்கத்தலுக்குத் தமிழில் அகவல் என்று பெயர். சங்கப் பாடல்களிற் பெரும்பாலானவை அமைந்துள்ள ஆசிரியப்பாவின் ஓசையையும் அகவலோசை என்றே இலக்கண நூலார் குறித்தனர். நம் முன்னோர் பறவையின் குரலுக்கு எவ்வளவு காது கொடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு சிறு வேலை கொடுத்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் கேட்ட ஒலிகளையெல்லாம் எழுதி வரச் சொன்னேன். "பஸ் ஹாரன், செல்போன்" என்று இரண்டோடு நிறுத்தியவர் பலர். ஒருத்தி மட்டும் பால்காரரின் பாத்திரத்தை எழுதியிருந்தாள். மயிலை எழுதியவர் ஒருவருமில்லை! பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. கேட்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை அன்று நானே உணர்ந்தேன்.

அப்பயிற்சிக்கென்றே உலகில் பயிலரங்குகள் நடக்கின்றன. பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, கனடாவின் கியூபெக் மாநிலம் ஆகிய இடங்களிலிருந்து பிரெஞ்சு மொழி பேசும் கலைஞர்கள் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று, ஒலியைக் கேட்பது, பதிவு செய்வது, கணினியில் வைத்து ஆராய்வது ஆகியவற்றை மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். 'இதிலென்ன கற்பிக்க இருக்கிறது, பட்டனை அழுத்தினால் பதிவாகிவிடுமே' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

பிரெஞ்சுக்காரர் என்றதும் நம் குடும்பங்களில் நினைவுக்கு வருபவர்கள் குருக்களும் கன்னியருமே. 1838-இல் மதுரை மிஷனை மீண்டும் தொடங்க வந்த இயேசு சபைக் குருக்கள் பிரெஞ்சு நாட்டவர். இங்கே நான் சொல்லப் போவது வேறு வகைப் பிரெஞ்சுக்காரரைப் பற்றி. ஆயினும் இருவகையினரும் அடியோடு தொடர்பற்றவரல்லர் என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

பியேர் ஷேஃபர் என்பவர் 1910-இல் நான்சி நகரில் பிறந்தார். தந்தை வயலின் வாசிப்பவர், தாய் பாடகி. மகனோ பொறியாளராகிப் பாரிஸ் வானொலியில் வேலைக்கு அமர்ந்தார். 1948-இல் பத்திஞோல் ரயில் நிலையத்துக்குப் பதிவுக் கருவியோடு சென்று, எஞ்சின்களின் மூச்சையும் ஊதலையும் சக்கரங்களின் தாளத்தையும் இசைத்தட்டிற் பதிந்து வந்தார். அவற்றை வெட்டி, வரிசை மாற்றி, திரும்பத் திரும்ப ஒலிக்க வைத்து, சுமார் மூன்று நிமிடப் படைப்பு ஒன்றை ஆக்கினார். 1948 அக்டோபர் 5-ஆம் நாள் அது வானொலியில் ஒலித்தது. வயலினுமில்லை, பியானோவுமில்லை, ரயில்தான் வாத்தியம்! இன்று திரைப்படப் பாட்டுகளில் நீங்கள் கேட்கும் வெட்டி ஒட்டிய ஒலிகளுக்கெல்லாம் அதுவே பாட்டன் எனலாம்.

பழைய இசைத்தட்டில் கீறல் விழுந்தால் ஒரே அடி திரும்பத் திரும்பப் பாடும். பெற்றோர்களுக்கு அது நினைவிருக்கும். நாம் முள்ளைத் தூக்கி நகர்த்தி வைப்போம். ஷேஃபர் அதை நிறுத்தி வைத்துக் கேட்டார். பத்து முறை கேட்டபின் அது ரயிலாகவோ கதவாகவோ தோன்றாமல், மேடும் பள்ளமும் உள்ள ஓர் ஒலியாகவே காதில் நிற்கக் கண்டார்.

இன்னொரு சோதனையை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதை நம் பள்ளியிலேயே செய்து பார்க்கலாம். கோவில் மணியை அடிக்கும்போது முதலில் 'டண்' என்று ஒரு தாக்கொலி. பிறகு நீண்ட ரீங்காரம். ஷேஃபர் அந்தத் தாக்கொலியை விட்டுவிட்டு ரீங்காரத்தை மட்டும் பதிவு செய்தார். போட்டுக் கேட்டால், மணியைக் காணோம்! ஓபோ என்னும் குழல் ஊதுவதுபோல இருந்தது. (ஓபோ நம் நாகசுரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு, இரண்டும் சீவாளி வைத்து ஊதுபவை.) ஓர் ஒலி இன்னதென்று நம் செவி அறிவது பெரும்பாலும் அது தொடங்கும் விதத்தைக் கொண்டே. தொடக்கத்தைப் பறித்துவிட்டால் மணிக்குத் தன் பெயரே போய்விடுகிறது. சென்ற மாதம் பள்ளி மணியைச் செல்போனில் பதிந்து முன்பகுதியை வெட்டி எட்டாம் வகுப்புக்குப் போட்டுக் காட்டினேன். "புல்லாங்குழலா மிஸ்?" என்றார்கள். ஒருத்தி "கரண்ட் கம்பி" என்றாள், அதுவும் மோசமில்லை.

பொருளைக் காணாமல் ஒலியை மட்டும் கேட்பதற்கு ஷேஃபர் ஒரு பழைய கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார். பித்தாகரஸ் திரைக்குப் பின்னிருந்து பாடம் சொன்னதாகவும், முகம் காணாததால் சீடர்கள் சொல்லைக் கூர்ந்து கேட்டதாகவும் ஒரு கதை. நமக்கு அவ்வளவு தொலைவு போக வேண்டாம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சல்லடைக்கு அப்பாலிருந்து வரும் தாழ்ந்த குரலை நாம் எவ்வளவு கவனமாகக் கேட்கிறோம்! 1968 முதல் பாரிஸ் இசைக் கல்லூரியில் ஷேஃபர் இதையே பாடமாக நடத்தினார். அங்கிருந்துதான் இந்தப் பயிற்சி முறை பல நாடுகளுக்கும் பரவியது.

அக்கல்லூரியிலேயே ஒலிவியே மெசியான் என்ற ஆசிரியரும் இருந்தார். 1931 முதல் 1992-இல் இறக்கும்வரை பாரிஸ் திரித்துவ ஆலயத்தில் ஆர்கன் வாசித்த பக்தர். காடுமேடெல்லாம் அலைந்து பறவைகளின் குரலைச் சுரப்படுத்தி எழுதினார். சாரங்கதேவர் தம் சங்கீத ரத்னாகரத்தில் அடுக்கிய 120 தேசி தாளங்களைப் படித்துத் தம் இசையிற் கையாண்டார். 1952-இல் ஷேஃபரின் கூடத்திலும் ஒரு படைப்புச் செய்து பார்த்தார். பூசைக்கு வாசித்த கைதான் அதையும் செய்தது.

இனி, நம் நாட்டுக்கே வந்து பல்கலைக்கழகத்தில் அமர்ந்து ஒலியைக் கற்பித்த பிரெஞ்சுக்காரரைப் பார்ப்போம். அவர் பெயர் அலேன் தனியேலு. 1907-இல் பிறந்தவர். இவருடைய தாய் மதலேன் தனியேலு பிரான்சில் கத்தோலிக்கப் பெண்களின் கல்விக்கெனத் துறவு வாழ்வு வாழும் ஒரு சபையையும் பள்ளிகளையும் நிறுவிய அம்மையார். அண்ணன் ஜான் தனியேலு இயேசு சபைக் குரு. 1969-இல் கர்தினால் ஆனார். இத்தகைய குடும்பத்தில் பிறந்த அலேன் காசிக்கு வந்து, சிவசரண் என்று பெயர் பூண்டு, சைவ நெறியைத் தழுவினார். நம் பள்ளி மலரில் இதை மறைத்து எழுதுவது முறையாகாது. அவர் தேர்ந்த நெறியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதும் என் வேலையன்று. அவருடைய செவியைப் பற்றியே சொல்ல வந்தேன்.

1932-இல் தாகூரின் சாந்திநிகேதனுக்கு முதன்முதலாக வந்தார். 1930-களின் பிற்பகுதியிற் காசியிற் குடியேறி, சிவேந்திரநாத் பாசு என்னும் வித்துவானிடம் பல ஆண்டுகள் வீணை பயின்றார். வெளிநாட்டார் பலர் நம் இசையை நூலிற் படித்து எழுதினர். இவர் குருவின் முன் தரையில் உட்கார்ந்து கற்றார். 1949 முதல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில் பேராசிரியராகப் பணிபுரிந்தார். 1954-இல் சென்னைக்கு வந்து அடையாறு நூலகத்தின் தலைவரானார். 1956-இல் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு நிறுவனத்துக்குச் சென்றார். அது அப்போது தொடங்கி ஓராண்டே ஆன நிறுவனம்.

அவரை வாழ்நாள் முழுதும் அலைக்கழித்த கேள்வி ஒன்றுண்டு: ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுரம்? நம் கோவில் ஆர்மோனியத்தைத் திறந்து பாருங்கள். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை. எல்லாக் கட்டைகளுக்கும் இடையே ஒரே அளவு இடைவெளி வைத்துச் சமன் செய்திருக்கிறார்கள். ஸட்ஜம் வினாடிக்கு 240 அதிர்வு என்று கொள்வோம். இயற்கையான அந்தர காந்தாரம் அதன் ஐந்தேகால்... இல்லை, ஒன்றேகால் மடங்கு (வகுப்பில் கரும்பலகையிலும் இப்படித்தான் தடுமாறுவேன்), அதாவது 300. ஆர்மோனியத்தின் காந்தாரமோ ஏறத்தாழ 302.4. இரண்டையும் சேர்த்து ஒலித்தால் வினாடிக்கு இரண்டு முறைக்கு மேல் 'வாங் வாங்' என்று ஓர் அலைவு கேட்கும். தம்புராவோடு பழகிய காது இதைப் பொறுக்காது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒலிபரப்பிற் சேர்க்காமல் விலக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தனியேலுவும் இந்தச் சமன்படுத்திய சுருதியை ஏற்காதவர். ஆர்மோனியத்தை ஆக்கிய தெபேன் பாரிஸ்காரர்! ஒரு பிரெஞ்சுக்காரர் கொடுத்ததை இன்னொரு பிரெஞ்சுக்காரர் வேண்டாமென்கிறார். நான் ஆர்மோனியத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வேன். மின்சாரமில்லாத மலைக் கிராமச் சிற்றாலயங்களில் மக்களை ஒரே சுருதியிற் பாட வைத்தது அதுதானே. ஆனாலும் கணக்குத் தனியேலுவின் பக்கம் இருக்கிறது. ஸ்தாயியை 53 நுண்ணிய படிகளாகப் பகுத்தால் நம் சுருதிகளை ஏறக்குறையச் சரியாகப் பிடிக்கலாம் என்று அவர் கருதினார். நாக்ரா என்னும் புகழ்பெற்ற ஒலிப்பதிவுக் கருவியைச் செய்த ஸ்டீபன் குடெல்ஸ்கியின் உதவியோடு அதற்கொரு மின்னணுக் கருவியையும் உருவாக்க முனைந்தார். 1994-இல் அவர் மறைந்தார். பின்னர் அக்கருத்து கணினியில் இயங்கும் மென்பொருளாகவே வந்துவிட்டது. காசியில் வீணையில் தொடங்கிய ஆராய்ச்சி கணினித் திரையில் வந்து நிற்கிறது.

அவர் செய்த இன்னொரு பணியையும் நம் பள்ளத்தாக்கினர் அறிய வேண்டும். ஆர். எஸ். தேசிகன் என்பவரோடு சேர்ந்து சிலப்பதிகாரத்தைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1961-இல் வெளியிட்டார்; 1965-இல் ஆங்கிலத்திலும் வந்தது. யாழையும் குழலையும் சுரங்களையும் பற்றி அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும் எவ்வளவு சொல்கின்றன என்று தமிழாசிரியை உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஒலியைத் தேடி வந்தவர் அந்நூலிற் போய் நின்றதில் வியப்பில்லை. கூடலூருக்கு மேலே மலையுச்சியில், சித்திரா பௌர்ணமிக்கு நாம் ஏறிச் செல்லும் கண்ணகி கோட்டத்தின் கதையைப் பாரிஸில் உள்ளவர் படிக்க வழி செய்தவர் அவர்.

1961-இல் யுனெஸ்கோ உலக இசைத் தட்டுகளை வெளியிடத் தொடங்கியபோது அத்தொகுதிக்கு அவரே ஆசிரியர். இந்திய இசை மேனாட்டவர் காதில் முறையாக விழுந்தது இத்தகைய தட்டுகளால்தான்.

அவருக்குப் பின்னும் வந்தார்கள். நம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், கிறிஸ்தீன் கில்போ என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் வீடுவீடாகச் சென்று பாடும் புள்ளுவரிடம் பல காலம் பழகி, அவர்களுடைய நாகப் பாட்டுகளைப் பற்றி 2008-இல் ஒரு நூல் எழுதினார். பாட்டும் படமும் அடங்கிய கணினித் தகடு ஒன்றும் அதனுடன் உண்டு. பிறகு அவர் கவனம் பாட்டிலிருந்து சுற்றுப்புற ஓசைகளின் பக்கம் திரும்பியது: தெரு, சந்தை, கோவில் இவற்றின் ஓசைகள். பிரெஞ்சுக்காரர் மட்டுமே இதைச் செய்தனர் என்று எண்ணிவிடாதீர்கள். கனடாவில் வாழும் ஹில்டகார்ட் வெஸ்டர்காம்ப் 1992-இல் புதுதில்லியில் ஒலிப் பயிலரங்கு நடத்தினார். அவர் கற்பிக்கும் முதற் பாடம் 'ஒலி நடை'. பேசாமல், கருவி எதையும் நோக்காமல், காதை மட்டும் திறந்துகொண்டு நடப்பது. தியானத்துக்குச் செல்லும் சகோதரிகளுக்கு இது புதிதன்று.

கணினி எப்படி ஒலியைப் பிடித்து வைக்கிறது என்று பலர் கேட்கிறீர்கள். புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலிற் புள்ளி, பிறகு கம்பி. ஒலி என்பது காற்றின் அழுத்தம் கூடிக் குறைவது. அது ஓடிக்கொண்டே இருக்கும் கம்பி. கணினி அக்கம்பியைப் புள்ளிகளாக அளந்து வைத்துக்கொள்கிறது. 1982-இல் வந்த குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் உயரமும் 65,536 படிகளில் ஒன்று. ஏன் இத்தனை? மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுவரை கேட்கும். அதைத் திரும்ப வரைய அதன் இரு மடங்குக்கு மேல் புள்ளி வேண்டும் என்பது கணிதம். திரும்பக் கேட்கும்போது கருவி அப்புள்ளிகளினூடே கம்பியை வரைந்து கொடுக்கிறது. செல்போன் வழியே அனுப்பும் பாட்டில், உரத்த ஒலிக்குப் பின்னால் மறைந்து கேட்காது என்று கருதும் மெல்லிய ஒலிகளைக் கணினி விட்டுவிடும்; இடம் மிச்சமாகும். பாட்டுக்கு அதனால் பெரிய குறையில்லை. ஆனால் ஒலியை ஆராய்வோர் அப்படிச் சுருக்கியதை விரும்புவதில்லை. விட்டுப்போனது எதுவென்று பிறகு கேட்டுப் பார்க்க முடியாதல்லவா?

இம்மண்ணுக்கு இந்த வித்தை எட்டாததன்று. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே கணினியை இசைக்குப் பயன்படுத்தினார்.

ஷேஃபரின் ரயிலைப் படித்தபோது எனக்கு நம் போடி ரயில் நினைவு வந்தது. 1928-இல் தொடங்கிய மீட்டர் பாதை 2010-இன் இறுதியோடு நின்றது. அகலப் பாதையிற் தேனிக்கு 2022 மே மாதத்திலும் போடிக்கு 2023 ஜூன் மாதத்திலும் ரயில் திரும்ப வந்தது. ரயில் வந்தது, அந்தப் பழைய ஓசை வரவில்லை. பாதை வேறு, பெட்டி வேறு. ஆண்டிபட்டிக் கணவாயில் அது மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய சத்தம் உங்களில் எவர் வீட்டிலாவது பதிவாகி இருக்கிறதா?

என் வீட்டில் வேறொரு பதிவு இருக்கிறது. 1987-இல் என் அப்பத்தா நடவுப் பாட்டுப் பாடியதை என் சித்தப்பா ஒரு கேசட்டிற் பிடித்தார். இருபக்கமும் நிரம்பப் பாடினார்கள். கேசட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். பூட்டி வைத்தால் போதும் என்று நினைத்தோம். சில ஆண்டுகளுக்கு முன் எடுத்தபோது நாடா முழுதும் வெள்ளைப் பூஞ்சணம். மதுரையில் ஒரு கடையிற் கொடுத்துத் துடைத்துக் கணினிக்கு மாற்றியதில் நான்கு நிமிடம் தேறியது. தொடக்கம் போய்விட்டது. அப்பத்தா தம் பெயரும் ஊரும், இன்னார் வயலில் பாடியது என்றும் சொல்லிவிட்டுத்தான் பாட ஆரம்பித்தார்கள். அது இல்லை. அன்று அப்பத்தாவும் அவர்கள் தங்கையும் மாறி மாறிப் பாடினார்கள். எஞ்சியிருக்கும் குரல் யாருடையது? பெரிய அத்தை "எங்க ஆத்தாதான்" என்கிறார். சின்ன அத்தை "இது சின்னாத்தா குரல்" என்கிறார். இருவருக்கும் எண்பது வயதை ஒட்டிவிட்டது. ஷேஃபரின் மணிக்கும் இதற்கும் அறிவியற்படி தொடர்பில்லைதான். ஆனாலும் அந்த மணியைப் பற்றிப் படித்த அன்று இரவு நான் கேசட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரிய ஆராய்ச்சியாளருக்கும் இதே தொல்லை உண்டு. அர்னால்டு பாக்கே என்ற ஹாலந்துக்காரர் 1938-இல் தென்னாட்டுப் பாட்டுகளைப் பதிந்து சென்றார். 1984-இல் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் அப்பதிவுகளைத் தூக்கிக்கொண்டு அதே ஊர்களுக்குத் திரும்பிச் சென்று, பாடியவர் வழியினரைத் தேடினார்கள். இந்தியாவில் பதிவாகி வெளிநாட்டில் தங்கிவிட்ட ஒலிகளின் படிகளை நம் நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவரவென்றே ஒரு காப்பகம் 1982-இல் ஏற்பட்டது. இன்று தில்லியை அடுத்த குருகிராமில் இருக்கிறது. நம் பாட்டை நாமே கேட்க அவ்வளவு சுற்ற வேண்டியிருந்தது.

ஆகவே வரும் விடுமுறைக்கு ஒரு வேலை. பள்ளி நூலகக் கணினியில் 'ஊர் ஒலி' என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறோம்; மதர் அனுமதி கொடுத்துவிட்டார்கள். வீட்டுப் பெரியவர்களின் தாலாட்டு, ஒப்பாரி, குலவை, தவக்காலத்தில் பாடும் பழைய பிலாக்கணங்கள், வருசநாட்டுக் காற்று, மழைக்காலத்து மூல வைகை, எதுவானாலும் பதிந்து வாருங்கள். செல்போன் அம்மாவுடையதாக இருந்தாலும் சரி, கேட்டு வாங்குங்கள். பதிவைத் தொடங்கியதும் முதலில் உங்கள் குரலில் நாள், ஊர், பாடுபவர் பெயர், வயது ஆகியவற்றைச் சொல்லுங்கள். அதையே ஒரு தாளிலும் எழுதிக் கையோடு கொண்டு வாருங்கள். பாடியவரிடம் "இதைப் பள்ளியில் மற்றவர் கேட்கலாமா?" என்று கட்டாயம் கேளுங்கள். வேண்டாமென்று சொன்னால் கொண்டு வர வேண்டாம். ஒப்பாரியைப் பொறுத்தவரை, வீட்டில் துக்கமில்லாத நேரத்தில் பாடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. பலர் அதை ஆகாது என்று கருதுவர். சுருக்காத பதிவாக வைப்பது எப்படி என்று கணினி ஆசிரியை காட்டிக் கொடுப்பார். இரண்டு இடங்களில் படி எடுத்து வைப்பது என் பொறுப்பு.

இதுவரை ஏழு பதிவுகள் வந்திருக்கின்றன. நான்கு தாலாட்டு, ஒரு குலவை, ஒரு பால்காரர், ஒரு பஸ் ஹாரன். மயிலை இன்னும் ஒருவரும் கொண்டு வரவில்லை.